கடைத்தெருவைப் பார்த்து வீடு பிடி

2020ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 14ஆம் தேதி வந்தது. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 14 அன்று, கோவிட் பரவலால் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மூன்றிலும் நிபந்தனையுடன் கூடிய நடமாட்டக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போகக் கூடாது. சாலைத் தடுப்பில் நிற்கும் போலீஸ்காரரிடம் வேலைக்குப் போகிறவர் கடிதம் காட்டலாம். சேலை எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் வண்டியைத் திருப்பச் சொல்வார்கள். கிள்ளான் மாவட்டத்துக்காரர்களுக்கு ஜாலான் தெங்கு கிளானா கடைத்தெரு எல்லைக்குள்ளேயே இருந்தது. பூச்சோங்கிலும் சுபாங் ஜெயாவிலும் இருந்தவர்களோ பெட்டாலிங் மாவட்டம். அவர்களுக்குக் கிள்ளானும் கிடையாது, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சும் கிடையாது. முறுக்கு மாவு, வெற்றிலை, அகல் விளக்கு, மாவிலை எல்லாவற்றுக்கும் தாமான் மூலையில் இருந்த மளிகைக் கடைதான் கதி. அப்படி ஒரு கடையே இல்லாத தாமான்களும் இருந்தன.

அதே ஆண்டு ஏப்ரலில் விதி இன்னும் இறுக்கம். வீட்டுக்கு ஒருவர் மட்டும் வெளியே போகலாம், அதுவும் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள். வீடு வாங்கும்போது யாரும் வட்டம் போட்டுப் பார்ப்பதில்லை. அந்த ஆண்டு அரசாங்கமே எல்லாருக்கும் போட்டுக் காட்டியது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் விசாரிக்கும் விஷயங்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். விலை என்ன, வங்கிக் கடன் எவ்வளவு கிடைக்கும், நெடுஞ்சாலை எவ்வளவு தூரம், தமிழ்ப்பள்ளி எங்கே, கோயில் எங்கே. கடையைப் பற்றிக் கேட்டால் விற்பனையாளர் சிரித்துக்கொண்டே பக்கத்திலிருக்கும் பேரங்காடியின் பெயரைச் சொல்வார். வண்ணக் கையேட்டில் அதன் படம் பெரிதாக இருக்கும், 'ஐந்தே நிமிடம்' என்று போட்டிருக்கும். அந்த ஐந்து நிமிடம் காரில், அதுவும் நெரிசல் இல்லாத நேரத்தில் என்பதை வாங்குகிறவர் தாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு வீட்டின் அன்றாடத்தை ஓட்டுவது பேரங்காடி அல்ல, கடைத்தெரு. அதிலும் எந்தக் கடைத்தெரு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் இருந்தால் எல்லாம் கிடைக்கும் என்று சொல்லிக் கூடுதல் வாடகை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் கிடைக்கும் என்பது உண்மைதான். அந்த எல்லாவற்றில் எத்தனை, தினமும் வேண்டியவை?

சேலை ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை எடுப்பது. நகை அதைவிடக் குறைவு. கல்யாணப் பத்திரிகை வாழ்நாளில் சில தடவை. இவற்றுக்கு ஒரு மணி நேரம் ரயிலில் போனாலும் தவறில்லை. போவதே ஒரு கொண்டாட்டம். மீனும் காய்கறியும் வாரச் சமாச்சாரம். பால், ரொட்டி, கறிவேப்பிலை, கைபேசிக்கு டாப்-அப், சாமிக்கு ஒரு முழம் பூ, பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து எல்லாம் அன்றாடம். வீடு பார்க்கிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை போகும் தெருவை நினைத்து மயங்கிவிட்டு, தினம் போகும் தெருவைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் கடைத்தெருக்களை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் வரிசை கொஞ்சம் தலைகீழாகிறது.

வளைவுக்குப் பின்னால்

முதலில் பிரிக்பீல்ட்ஸ். 1881இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, கட்டடங்களைச் செங்கல்லில் எழுப்ப வேண்டும் என்ற நிலை வந்தது; அதற்கான சூளைகள் எரிந்த இடம் இது. பின்னால் ரயில்வே வந்தது. ரயில்வேயில் வேலை பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். ஜாலான் ஸ்காட்டில் இலங்கைத் தமிழர்களின் கந்தசுவாமி கோயில், 1904ஆம் ஆண்டின் விவேகானந்தா ஆசிரமம், சிங்கள பௌத்தர்களின் மகா விகாரை, தேவாலயங்கள், பள்ளிகள் எல்லாம் நடந்து போகும் தூரத்துக்குள் அமைந்தன. கடைகள் அந்தக் குடியிருப்புக்காக வந்தவை. ரயில்வே குமாஸ்தா வீட்டு மாதச் சாமானும், சம்பள நாளில் அடைபடும் கடன் புத்தகமும்தான் அந்தத் தெருவின் வியாபாரம்.

1990களில் 72 ஏக்கர் பரப்பிலிருந்த ரயில்வே தளம் கோலாலம்பூர் சென்ட்ரல் ஆக மாறத் தொடங்கியது. நிலையம் 2001 ஏப்ரலில் திறந்தது. 2003இல் மோனோரயில் வந்தது. 2010 அக்டோபர் 27 அன்று, இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸை 'லிட்டில் இந்தியா'வாகத் திறந்துவைத்தார்கள். 2014இல் நு சென்ட்ரல் பேரங்காடி. 2015 நவம்பரில், சாஞ்சி ஸ்தூபியின் வாசலை ஒத்த தோரண வளைவு, இந்திய அரசின் அன்பளிப்பாக, பிரதமர் மோடி வந்திருந்தபோது திறக்கப்பட்டது. ஜாலான் துன் சம்பந்தன் ஒருவழிச் சாலையானது. வண்டி நிறுத்த இடமில்லை, பழைய வாடிக்கையாளர்கள் வருவதில்லை என்று வியாபாரிகள் முறையிட்டது அப்போதே பத்திரிகைகளில் வந்த செய்தி.

வளைவும் வண்ண விளக்கும் வந்தன, குடியிருப்பு போனது. 'ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்' என்று அழைக்கப்பட்ட நூற்றாண்டுப் பழமையான ரயில்வே வீடுகள் இடிக்கப்பட்டன. அந்த இடத்தைச் சுற்றிக் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. அவற்றில் வேலை செய்பவர்கள் மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள், மாலையில் ரயில் ஏறிப் போகிறார்கள். ஜாலான் பெர்ஹாலாவில் பால்ம் கோர்ட் போன்ற அடுக்குமாடிகளில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனாலும் தெரு யாருக்காகக் கடை திறக்கிறது என்பது மாறிவிட்டது. மாலை, பட்டு, பாத்திரம், இனிப்பு, சாப்பாடு இவையெல்லாம் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கான வியாபாரம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவர் தமது மாதச் சாமானை நு சென்ட்ரல் கீழ்த்தளத்தில் வாங்குகிறார் என்றால், அவர் கொடுக்கும் வாடகையில் பெரும்பங்கு கடைத்தெருவுக்கு அல்ல, ரயில் நிலையத்துக்கு.

இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் போக முடியாது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951 முதல் இயங்குகிறது. அதன் தலைமையகம் இங்கேதான். பயிற்சிக்கு வந்தவர்கள் பலர் இந்தப் பகுதியிலேயே தங்கிவிட்டார்கள். ஜாலான் தம்பிப்பிள்ளைப் பக்கத்தில் அவர்கள் நடத்தும் உடல்பிடி நிலையங்கள் பலருக்கும் தெரிந்தவை. அவர்களுக்குக் கடை, உணவகம், ரயில், வேலை நான்கும் கைத்தடி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கார் ஓட்டாத ஒருவருக்குப் பிரிக்பீல்ட்ஸ் இன்றும் கோலாலம்பூரின் மிகச் சிறந்த பேட்டைகளில் ஒன்று. நடைபாதையில் பதித்த மஞ்சள் தடக் கற்களின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்களுக்குத்தான் அது இன்னும் விளங்கவில்லை. வயதான பெற்றோரோடு வீடு பார்க்கிறவர்கள், பார்வையற்ற ஒருவர் எந்தத் தெருவில் துணையில்லாமல் நடந்து போகிறார் என்று பார்த்தாலே போதும். அதைவிடக் கறாரான தரச் சான்று கிடையாது.

தோட்டத்திலிருந்து பஸ் வந்த தெரு

கிள்ளானின் கதை வேறு. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் 1886இலேயே வந்துவிட்டது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள், பிறகு செம்பனை. முன்பு ரெம்பாவ் ஸ்திரீட் என்று இருந்து, இப்போது ஜாலான் தெங்கு கிளானா ஆகியிருக்கும் தெரு தோட்டத்துச் சம்பளத்தில் வளர்ந்தது. தோட்டத்துக்குள் ஒரு மளிகைக் கடை இருக்கும், கடன் புத்தகம் இருக்கும்; துணி, நகை, பாத்திரம், மருந்து என்றால் பஸ் ஏறிக் கிள்ளானுக்கு வரவேண்டும். தோட்டங்கள் துண்டு துண்டாகி, வீடமைப்புப் பகுதிகளாகிய பிறகும் அந்தப் பழக்கம் அறுபடவில்லை. காரணம் எளிது: தோட்டத்தை விட்டு வந்தவர்கள் தூரமாகப் போகவில்லை. தாமான் ஸ்ரீ அண்டலாஸ், தாமான் ஸ்ரீ மூடா, காப்பார், மேரு, புக்கிட் திங்கி என்று கிள்ளானைச் சுற்றியே அமர்ந்தார்கள்.

தெங்கு கிளானாவும் சேலைக்கும் நகைக்கும் பேர்போனதுதான். தீபாவளிக்கு முன் இரண்டு மூன்று வாரம் அந்தத் தெருவில் கார் நகராது. ஆனால் பண்டிகை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். அஞ்சடியில் பூ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மசாலா அரைத்துக் கொடுக்கும் கடை, வெற்றிலை பாக்குக் கடை, பித்தளை விளக்குத் துலக்கித் தரும் இடம், ரவிக்கை தைக்கும் மாடி, தமிழ் நாளிதழும் பஞ்சாங்கமும் விற்கும் கடை. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கிள்ளான்காரர்கள். இந்தியாவிலிருந்து பிரதமர் யாரும் வந்து திறந்துவைக்காத தெரு இது. ஒருவகையில் அதுதான் இதைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது. சுற்றுலாப் பயணி கிள்ளானுக்கு வந்தால் பாக் கூட் தே சாப்பிட்டுவிட்டுத் துறைமுகம் பக்கம் போய்விடுகிறார். தெங்கு கிளானா தன் ஊர்க்காரர்களை நம்பியே பிழைக்க வேண்டியிருக்கிறது.

கிள்ளானில் இன்னொரு அனுகூலம், அங்கே ஒரு தெரு மட்டும் இல்லை. தெற்கே ஸ்ரீ அண்டலாஸில் கடைவீட்டு வரிசைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இரவு வெகுநேரம் வரை ஓடுகின்றன. கிளினிக், மருந்தகம், மளிகை எல்லாம் ஒரே சுற்றில். வடக்கே தாமான் எங் ஆன் சந்தையும் அதன் சாப்பாட்டுச் சதுக்கமும் கிள்ளான் முழுவதற்கும் தெரிந்த இடம். மேரு பசாரில் விடியுமுன்னே மீன் இறங்குகிறது. ஆண்டுத் தெருவுக்கும் வாரச் சந்தைக்கும் அன்றாடக் கடைக்கும் நடுவே அதிக தூரம் இல்லை. இத்தனைக்கும் கோலாலம்பூரைவிட வீட்டு விலை குறைவு.

குறைகள் இல்லாமல் இல்லை. கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகர் ஆனது. சாலைக் குழிகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர நாளாகும். ஆற்றின் வடகரைக்கும் தென்கரைக்கும் இடையில் வேலை நேரத்தில் பாலம் கடப்பது பொறுமைக்குச் சோதனை. கோலாலம்பூருக்கு நேரடியாக இருக்கும் ரயில் கேடிஎம் கொமுட்டர் மட்டும். சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரம் ஆகும், தண்டவாள வேலை நடந்தால் இன்னும் கூடும். மாதம் 50 ரிங்கிட்டுக்கு ரேபிட் கேஎல் ரயில்களிலும் பஸ்களிலும் கணக்கில்லாமல் ஏறிப் போகும் சலுகைச் சீட்டு இந்தக் கொமுட்டருக்குச் செல்லாது. பண்டார் உத்தாமாவிலிருந்து ஷா ஆலம், கிள்ளான் வழியாக ஜொகான் செத்தியா வரை போகும் எல்ஆர்டி தடத்தை முதலில் 2020க்கே சொன்னார்கள், ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது.

வெள்ளத்தையும் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பர் 18 அன்று தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் வீடுகளின் மேல்மாடியை எட்டிப் பார்த்தது. வாடகை மலிவு, கடைகள் பக்கம், தமிழர்கள் நிறைய என்று அங்கே போனவர்களுக்கு அந்த நாளுக்குப் பிறகு கணக்கு மாறிப்போனது. கடைத்தெரு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கடைக்காரர்கள் அரிசி மூட்டையைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அடுக்குகிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. எந்த வீட்டுத் தரகரும் சொல்லாத தகவல் அது.

பார்க்க மட்டும் ஒரு தெரு

மஸ்ஜித் இந்தியாவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1863இல் இந்திய முஸ்லிம்கள் நிறுவிய பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த துணிக் கடை, நகைக் கடை, அத்தர்க் கடை, மாமாக் கடை வட்டாரம். சனிக்கிழமை இரவுச் சந்தை, நோன்பு மாதத்துக் கூட்டம் இரண்டும் தலைநகரின் காட்சிகள். ஆனால் அங்கே குடியிருப்பது யார் என்பது 2020 ஏப்ரலில்தான் பலருக்கும் தெரிந்தது. அந்தத் தெருவின் சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் கட்டடங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு முழு முடக்கம் அறிவித்தபோது, உள்ளே இருந்தவர்களில் பெருந்தொகையினர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 2024 ஆகஸ்ட் 23 அன்று நடைபாதை திடீரென்று உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண் அதில் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. அதன்பின் வாரக்கணக்கில் அந்தத் தெருவில் வியாபாரம் படுத்தது. வருகிறவர்களை மட்டுமே நம்பியிருக்கும் தெருவுக்கு இதுதான் ஆபத்து. ஒரு கெட்ட செய்தி போதும், கூட்டம் வேறு பக்கம் போய்விடும். பக்கத்தில் குடியிருப்பவரோ மறுநாள் காலையிலும் பால் வாங்க வந்தாக வேண்டும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961லேயே இந்த வாதத்தை நியூயார்க் தெருக்களை வைத்து எழுதினார். வெவ்வேறு காரணத்துக்காக, வெவ்வேறு நேரத்தில் ஆட்கள் வந்துபோகும் தெருதான் உயிரோடும் பாதுகாப்பாகவும் இருக்கும் என்பது அவர் கட்சி. பாரிசில் கார்லோஸ் மொரேனோ என்ற பேராசிரியர் அண்மைக்காலத்தில், அன்றாடத் தேவை எல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் ஏற்பாட்டுக்கு 15 நிமிட நகரம் என்று பெயர் வைத்தார். பெட்டாலிங் ஜெயாவின் பழைய பகுதிகளில் இருப்பவர்களுக்கு இது புதுத் தத்துவமாகத் தெரியாது. 1950களில் கோலாலம்பூரின் துணை நகரமாக அதைத் திட்டமிட்டபோது, செக்‌ஷன்களுக்குள்ளேயே கடை வரிசை, சந்தை, பள்ளி என்று வகுத்தார்கள். ஓல்ட் டவுனிலும் ஜாலான் காசிங்கிலும் காலை இட்லியிலிருந்து இரவு மருந்து வரை நடந்தே முடிக்கலாம். வீட்டு விலைதான் நடக்க விடாமல் செய்கிறது.

செந்தூல் அந்த வகையில் இன்னும் கைக்கெட்டும் இடம். 1900களின் தொடக்கத்தில் வந்த ரயில்வே பட்டறை, தம்புசாமிப் பிள்ளை தமிழ்ப்பள்ளி, செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயில் என்று பழைய வேர் உள்ள பேட்டை. எல்ஆர்டி 1998 முதல் ஓடுகிறது. 2023 மார்ச்சில் புத்ராஜெயா எம்ஆர்டி தடமும் செந்தூல் பாராட் வழியாக வந்தது. சந்தை இருக்கிறது, முடிதிருத்தும் கடை இருக்கிறது, வாழையிலைச் சாப்பாடு இருக்கிறது. அவற்றின் தலைக்கு மேலே அடுக்குமாடிகளும் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. பிரிக்பீல்ட்சுக்கு இருபது ஆண்டுக்கு முன் நடந்தது இப்போது செந்தூலுக்கு நடக்கிறதா என்ற கேள்வியை அங்கே வாங்கப் போகிறவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே எழும்புபவை அலுவலகங்களைவிட வீடுகள் அதிகம்.

பேரங்காடி நிலைக்குமா?

செந்தூலில் இன்னொரு பழைய கதையும் கிடக்கிறது. ஜயண்ட் பேரங்காடி, 1944இல் தெங் குடும்பத்தார் செந்தூலில் நடத்திய ஒரு மளிகைக் கடையாகத் தொடங்கியது. நாடு முழுக்கப் பரவி, வெளிநாட்டு நிறுவனத்தின் கைக்குப் போய், 2023இல் மறுபடி விற்கப்பட்டது. இடையில் பல கிளைகள் மூடப்பட்டன. 1994இல் சுபாங் ஜெயாவில் கடை திறந்த பிரான்சின் கேரஃபோர், 2012இல் எல்லாவற்றையும் ஏயோனிடம் விற்றுவிட்டுக் கிளம்பியது. 2002இல் பூச்சோங்கில் வந்த டெஸ்கோவை 2020இல் தாய்லாந்து நிறுவனம் வாங்கி லோட்டஸ் என்று பெயர் மாற்றியது. இவற்றின் படங்களைக் கையேட்டில் போட்டு விற்ற வீடுகளின் கடன் 35 ஆண்டு. ஒரு பெருங்கடை மூடினால் மொத்தமும் இருட்டு. அறுபது சிறு கடை உள்ள தெருவில் மூன்று கடை மூடினால் நான்காவது மாதம் வேறு யாராவது பெயர்ப்பலகை மாட்டுவார்கள்.

இதற்கு மறுபக்கமும் கிள்ளானிலேயே இருக்கிறது. போலியோவால் நடக்க முடியாமல் போய், சாலையோரத்தில் தின்பண்டம் விற்ற லீ தியாம் வா 1987இல் கிள்ளானில் ஒரு சிறு மளிகைக் கடை வைத்தார். அந்தத் தொடக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் 99 ஸ்பீட்மார்ட். 2024 செப்டம்பர் 9 அன்று பங்குச் சந்தைக்கு வந்தபோது 236 கோடி ரிங்கிட் திரட்டியது. ஏழு ஆண்டுகளில் மலேசியாவின் மிகப்பெரிய பங்கு வெளியீடு. கடைகளின் எண்ணிக்கை 2,600ஐத் தாண்டியது. இவ்வளவு பெரிய நிறுவனம் எழுந்தது பேரங்காடி கட்டி அல்ல, ஒவ்வொரு தாமானிலும் கடைவீட்டின் கீழ்த்தளத்தைப் பிடித்து. மலேசியர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வாங்கவே விரும்புகிறார்கள் என்று அவர் கண்டுகொண்டார். அந்தக் கடைகளால் எத்தனை தமிழ் மளிகைக் கடைகள் படுத்தன என்பது வேறு கதை. ஸ்பீட்மார்ட்டில் அரிசியும் சோப்பும் கிடைக்கும்; முருங்கைக்காயையும் மாலையையும் கடனையும் அதே முதலாளியிடம் எதிர்பார்க்க முடியாது.

புதிய நகரியங்களில் இந்த இடைவெளியை இரவுச் சந்தை நிரப்புகிறது. செத்தியா ஆலம் நிற்கும் நிலம் ஒருகாலத்தில் நார்த் ஹம்மோக் தோட்டம். அந்தப் பெயரில் தமிழ்ப்பள்ளி இன்னும் அங்கே இருக்கிறது. சனிக்கிழமை மாலையானால் அங்கே 2 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாசார் மாலாம் கூடுகிறது. செராஸ் தாமான் கன்னாட்டில் புதன், எஸ்எஸ் 2இல் திங்கள். காய், மீன், பழம், உள்ளாடை, கைபேசி உறை, அப்பம் எல்லாம் கிடைக்கும். வாரம் ஒருமுறை என்றால் இது அருமையான ஏற்பாடு. மீதி ஆறு நாளுக்குக் கார் சாவியைக் கையில் வைத்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு காரும் இரண்டு பேர் வேலைக்கும் என்றால் மூன்றாவதாக இருக்கும் பாட்டி என்ன செய்வார் என்பதை நகரியத் திட்டத்தில் யாரும் வரைவதில்லை.

அடுக்குமாடியின் கீழேயே கடைகள் வரும் என்று விற்கப்படும் வீடுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். கட்டி முடித்துச் சில ஆண்டுகள் ஆன கட்டடங்களின் கீழ்த்தளத்தைச் சுற்றி வந்தால், வாடகைக்கு என்று ஒட்டிய தாள் வெயிலில் வெளுத்துக் கிடப்பதைப் பல இடங்களில் காணலாம். வாடகை அதிகம், வாகனம் நிறுத்த வழியில்லை, மேலே பாதி வீடு காலி. கடைக்காரர் எதை நம்பி வருவார்? கூடவே இன்னொன்று: வணிக நிலத்தில் கட்டப்படும் சர்வீஸ் அபார்ட்மெண்டுகளுக்கு மதிப்பீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் போன்றவை பொதுவாகக் கூடுதல். கடை வராமலே கடைத்தெருவுக்கான விலையைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

கதவு மூடும் கடைகள்

பழைய தெருக்கள் தாமாக நிலைத்து நிற்கவில்லை. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாப்புக் கொடுத்தது. 1997இல் அதை ரத்து செய்து, 1999 இறுதி வரை அவகாசம் தந்தார்கள். 2000ஆம் ஆண்டு பிறந்ததும் உரிமையாளர் கேட்டதே வாடகை. பரம்பரையாக ஒரே கடைவீட்டில் இருந்த பலசரக்குக் கடைகளும் தையல்காரர்களும் பொற்கொல்லர்களும் கரைந்தது அதன்பிறகுதான். அந்த இடங்களுக்கு அதிக லாபம் தரும் வியாபாரங்கள் வந்தன. பிரிக்பீல்ட்ஸில் துணியும் நகையும் சாப்பாடும் மிஞ்சி நிற்பதற்கு இதுவும் காரணம். கறிவேப்பிலை விற்று அந்த வாடகையைக் கட்ட முடியாது.

இரண்டாவது அடி ஆள் பற்றாக்குறை. முடிதிருத்தும் நிலையம், ஜவுளிக் கடை, நகைப் பட்டறை மூன்றுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பது 2009 முதல் முடக்கப்பட்டிருந்தது. மூன்றும் இந்தியர் கைகளில் இருக்கும் தொழில்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவதில்லை. 2023இல்தான் 7,500 பேரை எடுக்க அனுமதிப்பதாக அரசாங்கம் அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ தாமான்களில் முடிதிருத்தும் கடை மூடிவிட்டது. கடைத்தெரு எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்று அறிய முடிதிருத்தும் கடையைப் பார்ப்பது நல்ல வழி. இணையத்தில் எதை வேண்டுமானாலும் வாங்கலாம், முடி வெட்டிக்கொள்ள முடியாது. ஒரு வட்டாரத்தில் அந்தக் கடை ஓடுகிறது என்றால் அங்கே குடும்பங்கள் இருக்கின்றன, மாதம் தவறாமல் நடந்து வருகின்றன என்று பொருள்.

சாவு வீட்டுக் கணக்கும் உண்டு. மங்கலமான பேச்சு இல்லை என்று யாரும் எடுப்பதில்லை. நள்ளிரவில் ஓர் உயிர் பிரிந்தால், விடியுமுன் மாலை, நெய், கற்பூரம், வாழையிலை, வெள்ளைத் துணி வேண்டும். கிள்ளானிலோ செந்தூலிலோ இருப்பவர் பூக்கடை அக்காவின் கைபேசிக்கு ஒரு வரி போட்டால் ஆறு மணிக்கு மாலை வந்து சேரும். தமிழ்க் கடை வாசனையே இல்லாத நகரியத்தில் இருப்பவர் அந்த நேரத்தில் சொந்தக்காரர் ஒருவரைப் பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்ப வேண்டும்.

எனவே கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று நேரங்களில் போய்ப் பார்ப்பது உத்தமம். பண்டிகை இல்லாத வார நாளில் காலை எட்டு மணி, மழை பெய்யும் மாலை, இரவு பத்துக்கு மேல். காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுக் கடை வரை நடந்து போய், ஐந்து கிலோ அரிசியோடு நடந்து திரும்ப வேண்டும். வழியில் நடைபாதை எங்கே அறுந்துபோகிறது, எந்தச் சாலையைக் கடக்க ஓட வேண்டியிருக்கிறது என்று கால் சொல்லிவிடும். கடையில் நின்று பேச்சுக் கொடுத்து எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கலாம். சிறு கடைகளின் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுக்குத்தான் என்பதால் அடுத்த கேள்வி அதைவிட முக்கியம்: இப்போதைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, உரிமையாளர் வாடகை ஏற்றப் போவதாகச் சொல்கிறாரா? கடைக்காரர் சிரித்து மழுப்பினால் கவலையில்லை. பக்கத்துக் கடையில் ஒரு தே தாரிக் குடித்தால் முழு விவரமும் கிடைத்துவிடும்.